‘பார்க்கலாம்’ என்றால் என்ன பொருள்

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்த யாருக்கும் ‘பார்க்கலாம்’ என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. கைமாற்று கேட்டு வந்தவரிடம் ‘பார்க்கலாம்ண்ணே’ என்றால் பணம் கிடைக்காது. பெண் கேட்டு வந்தவர்களிடம் ‘கலந்து பேசிட்டுச் சொல்றோம்’ என்றால் அவர்கள் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். முகத்துக்கு நேரே ‘முடியாது’ என்று சொன்னால் வந்தவர் மனம் நோகும் என்பதால், நம் ஊர் மறுப்பை மரியாதையில் பொதிந்து கொடுக்கிறது. வாங்கிக்கொள்பவரும் உள்ளே இருப்பது இன்னதென்று தெரிந்தே காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போகிறார். இதையெல்லாம் அறிந்து வளர்ந்தவன்தான் நான். அப்படியிருந்தும் பிலிப்பைன்ஸில் இரண்டு ஆண்டு ஊழியம் செய்யப் போன இடத்தில், முதல் பத்து மாதம் இதே மறுப்பை ஒப்புதல் என்றே எடுத்துக்கொண்டேன். நான் ஆங்கிலத்தில் கேட்டேன், அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள். வேறு காரணம் இல்லை. அந்தப் பத்து மாதம் திரும்பி வராது. அதே வழியில் கிளம்பப் போகும் கம்பம், சின்னமனூர், போடிப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நீங்களும் என்னைப் போலத்தான் இருப்பீர்கள்: தோட்டம் துரவு உள்ள வீடு, கடன் வாங்கிப் படிக்க வைத்த ஆங்கிலவழிப் பள்ளி, கோயம்புத்தூரிலோ மதுரையிலோ ஒரு பட்டம், ஆங்கிலம் இருந்தால் உலகத்தில் எங்கும் பிழைக்கலாம் என்ற நம்பிக்கை. உங்களை வீழ்த்தப் போவது அந்தக் கடைசி நம்பிக்கைதான் என்பது என் வாதம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை யாரையும் தோற்கடிப்பதில்லை. எங்களுடையது ஊர் ‘மோர்மன்’ என்று அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை; அதில் ஆண்களுக்கு ஊழியம் இரண்டு ஆண்டு, பெண்களுக்குப் பதினெட்டு மாதம். 2012இல் ஆண்களுக்கான வயது 19இலிருந்து 18ஆகக் குறைந்தது. பாஸ்போர்ட், மருத்துவச் சான்று, தடுப்பூசி, விசா எல்லாம் அலைச்சல்தான், ஆனாலும் நடந்துவிடும். பயிற்சி நிலையத்தில் இருப்பது சில வாரங்கள் மட்டுமே. பிறகு வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டை, நெஞ்சில் கறுப்புப் பெயர்ப்பட்டை. காலை 6.30க்கு எழ வேண்டும், இரவு 10.30க்கு விளக்கணைக்க வேண்டும். இடையில் உடற்பயிற்சி, வேதம் படிப்பது, மொழி படிப்பது, வீடு வீடாக நடப்பது. கூட ஒரு தோழர் எப்போதும் இருப்பார். அவர் கண்பார்வைக்கு அப்பால் போகக்கூடாது. வாரத்தில் ஒருநாள் துணி துவைக்கவும் சாமான் வாங்கவும். முன்பெல்லாம் வருடத்துக்கு இரண்டு முறைதான் வீட்டாரோடு பேசலாம். 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை பேசலாம். அரிசிச் சோறு கிடைக்கும் நாடு என்பதால் வயிற்றுக்குக் கவலை இல்லை. பொடி வகைகளை அளவாக எடுத்துப் போங்கள். இரண்டு ஜோடி நல்ல செருப்பும் ஒரு நல்ல குடையும் போதும். இவற்றில் எதிலும் நான் தடுமாறவில்லை, நீங்களும் தடுமாற மாட்டீர்கள்.

ஆங்கிலம் போதும் என்று நம்புவதற்கு அங்கே நியாயமும் உண்டு. பிலிப்பைன்ஸின் 1987ஆம் ஆண்டு அரசியல் சட்டம் ஃபிலிப்பினோவோடு ஆங்கிலத்தையும் ஆட்சிமொழி ஆக்கியிருக்கிறது. பள்ளிப் பாடம், நீதிமன்றம், வங்கி, கடைப் பலகை எல்லாவற்றிலும் ஆங்கிலம் இருக்கிறது. தெருமுனைச் சிறுவன்கூட இரண்டு வாக்கியம் பேசுவான். அதனால் பிரேசிலுக்கோ ஜப்பானுக்கோ அனுப்பப்படுகிற பையன் முதல் நாளே ஊமையாகி, பயந்து, மொழியைப் பிடித்துத் தொங்குவது போல நமக்கு நேர்வதில்லை. பயம் இல்லாத இடத்தில் படிப்பும் இல்லை. ஆனால் ஒரு நாட்டில் ஒரு மொழி எந்த அறை வரைக்கும் வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் ஆங்கிலம் தாசில்தார் அலுவலகம் வரைக்கும் வரும், வங்கி மேலாளர் மேசை வரைக்கும் வரும். கட்டிலில் படுத்திருக்கும் அப்பத்தாவிடம் போகாது. அங்கேயும் அப்படித்தான். ஆங்கிலம் வாசல் திண்ணை வரை வருகிறது, அடுப்படிக்குள் நுழைவதில்லை. ஒரு குடும்பம் தன் கடவுளைப் பற்றி, இறந்தவர்களைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதெல்லாம் அடுப்படி மொழியில்தான். ஊழியத்துக்குப் போகிறவன் வாசலில் நின்று பேசிவிட்டு, வீட்டுக்குள் பேசியதாகக் கணக்கு எழுதிக்கொள்கிறான்.

வாசலில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அந்நாட்டு மொழியான டகாலோக் பேசும் வீட்டில் விருந்தாளியை அனுப்பி வைக்க ஒரு வாக்கியம் உண்டு: ‘சீகெ போ, சா சுசுனோத் நா லாங்.’ சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘சரிங்க, அடுத்த தடவை’. ஆங்கிலத்தில் அதையே கேட்டால் ‘அடுத்த முறை’ என்று மட்டும்தான் காதில் விழும். கேட்டவன் நாள் குறித்துக்கொண்டு அடுத்த வாரம் போய் நிற்பான். அந்த ‘நா லாங்’ என்ற இரண்டு துணுக்குகளில்தான் பொருள் இருக்கிறது. ‘இப்போது வேண்டாம், விட்டுவிடுங்கள், தப்பாக நினைக்காதீர்கள்’ என்ற மூன்றையும் அது சேர்த்துச் சொல்கிறது. நம் ‘பார்க்கலாம்’ செய்கிற வேலையை அப்படியே செய்கிறது. அவர்களே ஆங்கிலத்துக்கு மாறும்போது அந்தத் துணுக்குகள் கழன்று விழுந்துவிடுகின்றன, பணிவு மட்டும் மிஞ்சுகிறது. பணிவைக் கேட்டவன் விருப்பம் என்று நினைக்கிறான். பாடம் கேட்கச் சம்மதித்தார்கள், ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்கள், ஞானஸ்நானத்துக்கே தலையாட்டினார்கள் என்று நோட்டில் எழுதிக்கொள்கிறான். பிறகு அவர்கள் வராதபோது, வாக்குத் தவறுகிற ஜனங்கள் என்று அவர்கள்மேல் பழி போடுகிறான். அவர்கள் வாக்கே கொடுக்கவில்லை. அந்தப் பழியை மனத்துக்குள் நானும் போட்டேன். இதை எழுதும்போது எனக்கு அதிகம் உறுத்துவது அதுதான், வீணான மாதங்கள்கூட அல்ல.

இன்னும் உறுத்துவது, தமிழனுக்கு இந்தத் தவறு நேர வேண்டிய கட்டாயமே இல்லை என்பது. டகாலோக்குக்கும் தமிழுக்கும் உறவு கிடையாது. ஆனால் இரண்டும் மனிதர்களைப் பார்க்கிற பார்வையில் சில இடங்களில் ஒன்றுபோல இருக்கின்றன. நமக்கு நாம், நாங்கள் என்று இரண்டு உண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், விலக்கினால் நாங்கள். ஆங்கிலத்தில் இந்த வேறுபாடு இல்லை. டகாலோக்கில் இருக்கிறது: ‘தாயோ’ என்றால் நாம், ‘காமி’ என்றால் நாங்கள். ‘நாதின்’ என்றால் நம்முடைய, ‘நாமின்’ என்றால் எங்களுடைய. கடவுளை நோக்கி வேண்டும்போது அவர்கள் ‘ஆமா நாமின்’, எங்கள் தந்தையே, என்கிறார்கள். தமிழ்க் கிறிஸ்தவர்களும் அங்கே ‘எங்கள்’ என்றுதான் சொல்கிறார்கள், ஏனென்றால் கேட்கிற கடவுள் அந்தக் கூட்டத்துக்கு வெளியே நிற்கிறார். அதுவே ஒரு வீட்டாரிடம் கடவுளைப் பற்றிப் பேசும்போது ‘ஆமா நாதின்’, நம் தந்தை, என்று மாற வேண்டும். மாறாவிட்டால் என்ன ஆகும்? எதிரே உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் ‘எங்கள் தந்தை உங்களை நேசிக்கிறார்’ என்று சொன்னதாக ஆகும். கடவுள் எங்கள் கட்சி, நீங்கள் வெளியாள் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்ட மாதிரி. அமெரிக்காவிலிருந்து வரும் பையன் இந்த வேறுபாட்டைப் பாடப் புத்தகத்தில் படித்து, மறந்து, தப்பாகச் சொல்லி, பல மாதத்தில் பழகுகிறான். நமக்கு அது தாய்ப்பாலோடு வந்தது. ஆனால் நாம் டகாலோக்கை ஆங்கிலத்தின் வழியாகப் படிக்கிறோம். கையில் இருக்கிற சாவியைக் கீழே வைத்துவிட்டு, சாவி இல்லாதவனிடம் கதவைத் திறக்கச் சொல்கிறோம்.

மரியாதையும் அப்படித்தான். ‘கா’ என்றால் நீ, ‘காயோ’ என்றால் நீங்கள். பன்மையே மரியாதைக்கும் ஆகிறது, நம்மைப் போலவே. வாக்கியத்தின் நடுவே ‘போ’ என்ற ஒரு துணுக்கைச் சேர்த்தால் பெரியவர்களிடம் பேசுகிறோம் என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது விரட்டுவது போல ஒலிக்கும், அதனால் முதலில் நாக்கு கூசும். நம் ‘ங்க’ இருக்கிற இடத்தில் அதை வைத்துப் பார்த்தால் இரண்டே நாளில் பழகிவிடும். ‘சாப்பிட்டாச்சா’ என்று நாம் நலம் விசாரிப்பது போல அவர்களும் ‘குமாயின் நா போ பா காயோ’ என்று விசாரிக்கிறார்கள். முன்பின் தெரியாதவரையும் ‘குயா’ என்றும் ‘ஆதே’ என்றும் அழைக்கிறார்கள், அண்ணன், அக்கா. ஆங்கிலத்தில் பேசினால் இவ்வளவு உறவும் போய், ‘சார்’, ‘மேடம்’ மட்டும் மிஞ்சும். அண்ணே என்று அழைத்தவனிடம் பேசுகிற மனிதர் வேறு, சார் என்று அழைத்தவனிடம் பேசுகிற மனிதர் வேறு. கம்பம் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தாலே இது புரியும்.

இந்த உண்மையைக் கற்க நாம் மணிலா வரை போக வேண்டியதில்லை. நம் பள்ளத்தாக்கே பல மொழிகள் புழங்கும் இடம். வீட்டுக்குள் கன்னடம் பேசுகிற ஒக்கலிகர், தெலுங்கு பேசுகிற நாயக்கமார், வெளியே வந்தால் எல்லோருக்கும் தமிழ். கம்பமெட்டு ஏறினாலும் குமுளி ஏறினாலும் மலையாளம். ஏலக்காய்த் தோட்டத்துக்கு விடியற்காலையில் ஜீப்பில் ஏறிப் போகிற பெண்கள் யாரும் மலையாளத்தைப் பள்ளியில் படிக்கவில்லை. ஆனால் கணக்குப்பிள்ளை கூலியை எங்கே குறைக்கிறார் என்பது அவர்களுக்கு மலையாளத்திலேயே தெரியும். போடியில் ஏலக்காய் வாங்கி விற்கிற வியாபாரி இடுக்கி விவசாயியோடு ஆங்கிலத்தில் பேசி ஒரு மூட்டையும் கடனுக்கு வாங்கிவிட முடியாது. கடன் என்பது நம்பிக்கை. இருவருக்கும் அந்நியமான மூன்றாவது மொழியில் அது கைமாறுவதில்லை. வியாபாரி சரக்குக்குக் கேட்கிற நம்பிக்கையைவிடப் பெரிய நம்பிக்கையை ஊழியக்காரன் கேட்கிறான். ஒரு மனிதர் தன் அப்பா தாத்தா வழிபட்டதை விட்டு வர வேண்டும் என்று கேட்கிறான். அதை மட்டும் மூன்றாம் மொழியில் கேட்டால் போதும் என்று எப்படி நினைத்தோம்?

இதே சபையின் பழைய வரலாறும் இதற்குச் சாட்சி. 1852 ஆகஸ்டில் சால்ட் லேக் நகரில் கூடிய மாநாட்டில் இந்தியாவுக்கு ஊழியர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ரிச்சர்ட் பாலன்டைன். 1849இல் அந்நகரின் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர், உழைப்புக்கு அஞ்சாதவர். சான் பிரான்சிஸ்கோவில் கப்பல் ஏறி, 1853இல் கல்கத்தா வந்து, அங்கிருந்து புயலில் சிக்கி, அந்த ஆண்டு ஜூலையில் ராபர்ட் ஸ்கெல்டன் முதலியவர்களோடு சென்னை வந்து இறங்கினார். கையில் பணம் இல்லை, தங்க இடம் இல்லை. துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டார், மாத இதழே நடத்தினார். அவருடைய உழைப்பில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேசியதும் அச்சிட்டதும் பெரும்பாலும் ஆங்கிலம். கேட்டவர்கள் பெரும்பாலும் கோட்டையைச் சுற்றியிருந்த ஐரோப்பியரும் படைவீரர்களும். படை இடம் மாறினால் சபையும் இடம் மாறிவிடும். ஓராண்டில் உடல் நலிந்து அவர் கப்பல் ஏறினார். 1856க்குள் இந்தியப் பணி ஏறக்குறைய ஓய்ந்தது. அதன்பின் கோயம்புத்தூரில் பால் திருத்துவதாஸ் என்ற தமிழர் தாமே தேடிப் போய் 1965இல் ஞானஸ்நானம் பெற்றார், சபை எழுத்துகளைத் தமிழுக்குக் கொண்டுவர உழைத்தார். மோர்மன் புத்தகத்தின் தேர்ந்த பகுதிகள் தமிழில் வந்தது 1982இல்தான். பெங்களூரைத் தலைமையாகக் கொண்ட ஊழியப் பகுதி அமைந்தது 1993இல். சென்னைக் கரையில் முதலில் கால் வைத்ததற்கும் தமிழில் அச்சானதற்கும் நடுவே ஏறக்குறைய 130 ஆண்டுகள். அந்த இடைவெளிக்கு உடல்நிலை, பணம், தூரம், கம்பெனி ஆட்சி என்று பல காரணம் சொல்லலாம், எல்லாம் உண்மைதான். ஆனால் அதே உடல்நிலையும் அதே தூரமும் வேறு சிலருக்கும் இருந்தன.

அவர்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் தமிழ் கற்றுக்கொண்டிருந்த அமெரிக்க மிஷனிலிருந்து 1834இல் மதுரைக்கு ஆட்கள் வந்தார்கள். 1848இல் பெரியகுளத்தில் ஒரு நிலையம் ஏற்பட்டது. அவர்களையும் காய்ச்சலும் காலராவும் வாட்டின. அதற்குத் தப்பித்தான் 1845இல் கொடைக்கானல் மலையில் முதல் வீடுகளைக் கட்டினார்கள், பெரியகுளத்துப் பக்கமிருந்து டோலியிலும் குதிரையிலும் ஏறினார்கள். ஆனாலும் மலையிலிருந்து இறங்கி வந்து தமிழில் பேசினார்கள். அந்த வழியில் வந்த மிரன் வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கில அகராதி 1862இல் வெளிவந்தது; 67,000க்கும் மேற்பட்ட சொற்கள். மதுரை மிஷனின் ஜே.எஸ். சாண்ட்லர், 1913இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி தொடங்கியபோது அதன் முதல் பதிப்பாசிரியர் ஆனார். ஜி.யு. போப் 1839இல் தமிழகம் வந்தபோது வயது 19, இன்று பெயர்ப்பட்டை குத்திக்கொண்டு போகிற பிள்ளைகளின் வயதுதான். இவர்களுடைய நம்பிக்கை சரியா என்பது வேறு பேச்சு. நம் மொழியில் இவர்களுடைய தடம் பதிந்ததற்குக் காரணம், பேச வந்தவர்கள் முதலில் கேட்டார்கள் என்பதுதான். அவர்களால் முடியாத இடத்தில் வேலையைச் சுமந்தது உள்ளூர் உபதேசியார். கிராமம் கிராமமாக நடந்த அந்த மனிதர்களுடைய பெயர் புத்தகங்களில் குறைவு; மறுப்பு எது, சம்மதம் எது என்று பிரித்துச் சொன்னவர்கள் அவர்களே.

இதற்கு முதல் மறுப்பு, காலம் இல்லை என்பது. இரண்டு ஆண்டில் எந்த மொழியைக் கரைத்துக் குடிப்பது, பழகி முடிப்பதற்குள் ஊர் திரும்ப வேண்டுமே என்பார்கள். இது அகராதி எழுதப் போகிறவர்களுக்குப் பொருந்தும். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கத் தேவைப்படுவது சில நூறு வினைச்சொல்லும், உறவுப் பெயர்களும், மேலே சொன்ன ஒட்டுத் துணுக்குகளும்தான். அன்றாட அட்டவணையிலேயே மொழிக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த நேரத்தை ஆங்கிலம் தெரிந்த பையன்கள் வேறு படிப்புக்குத் தின்னக் கொடுக்கிறோம். கஷ்டம் காலத்தில் இல்லை, கூச்சத்தில் இருக்கிறது. ஆங்கிலத்தில் பட்டதாரியாக நிற்கிறவன் டகாலோக்கில் மூன்று வயதுக் குழந்தையாக நிற்க வேண்டும். நம் வீடுகளில் பிள்ளையின் ஆங்கிலத்துக்காகத் தோட்டத்தை அடகு வைத்திருக்கிறோம்; அதைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுத் தப்பும் தவறுமாக ஒரு மீன்காரியிடம் பேச மனம் வராது. ‘உனக்கு இங்கிலீஷ் இருக்கே, என்ன கவலை’ என்று சொல்லி என்னை வழியனுப்பியவர்கள் அன்பினால்தான் சொன்னார்கள். ஆனால் அவர்களில் யாரும் தமிழ் எல்லையைத் தாண்டி ஒரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தவர்கள் அல்ல. அந்தப் பேச்சை நீங்கள் கேட்க வேண்டாம்.

இரண்டாவது மறுப்பு கனமானது. லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் கட்டி, ஜனவரி 15இல் பொங்கல் வைத்து, பிள்ளைகளுக்குப் பெயர் சூட்டி நாம் கொண்டாடுகிற பென்னிகுக் தமிழில் பிரசங்கம் செய்தாரா? அவர் கட்டிய அணையிலிருந்து 1895இல் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் இறங்கியது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அந்தத் தண்ணீரில் விளைகிறது. பன்னீர் திராட்சையை 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டு வந்ததாகச் சொல்கிறார்கள்; 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது அவர் என்ன மொழி பேசினார் என்று யாரும் கேட்கவில்லை. செயல் இருந்தால் மொழி எதற்கு? இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். பதில் இதுதான்: தண்ணீர் கொண்டு வருகிறவனுக்கு மொழி வேண்டியதில்லை, தண்ணீர் தானே பேசும். கொடிக்கும் அப்படியே. சொல்லைக் கொண்டு போகிறவனிடம் சொல்லைத் தவிர வேறு எதுவும் இல்லை. அணை கட்டுகிற பொறியாளர் தப்பான கலவை போட்டால் சுவர் காட்டிக்கொடுத்துவிடும். தப்பான மொழியில் சொல்லப்பட்ட சொல்லை எதுவும் காட்டிக்கொடுப்பதில்லை; தலையாட்டுவார்கள், சிரிப்பார்கள், பழச்சாறு தருவார்கள். தோல்வி வெளியே தெரியாத வேலை இது. அதனாலேயே அங்கே கருவி சுத்தமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது மறுப்பு, இந்தப் பக்கத்தைப் படிக்கும் பலர் மனத்தில் முதலிலிருந்தே இருந்திருக்கும். அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டி உங்கள் சாமியை மாற்றுங்கள் என்று சொல்ல ஒரு பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன உரிமை? நான் நம்புவதை நம்புகிறேன்; நல்லதென்று பட்டதைச் சொல்வதற்கு வெட்கப்படவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போகிறவன் ஊழியத்துக்குத் தகுதியில்லாதவன் என்றும் நினைக்கிறேன். சொல்கிற உரிமை, கேட்பவர் மறுக்கிற உரிமையோடு சேர்ந்துதான் வருகிறது. மறுப்பு காதில் விழாத இடத்தில் சொல்வதெல்லாம் வற்புறுத்தலாகிவிடுகிறது, குரலை உயர்த்தாவிட்டாலும், புன்னகையோடு சொன்னாலும். வெளிநாட்டுப் பிள்ளை, வெள்ளைச் சட்டை, கையில் வேதம், வாயில் அதிகார மொழி. எதிரே பாயை விரித்து உட்காரச் சொன்ன ஏழைக் குடும்பம். அந்தக் குடும்பம் ஆங்கிலத்தில் ‘முடியாது’ என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நம் ஊரில் ஒரு அதிகாரி ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் ‘எஸ் சார்’ தவிர வேறு எதுவும் நம் வாயில் வருவதில்லையே. அவர்கள் மொழிக்கு நாம் போனால் தராசு சமமாகிறது; அங்கே தடுமாறுகிறவன் நான், திருத்துகிறவர் அவர். திருத்தத் தெரிந்தவருக்கு மறுக்கவும் தெரியும். மொழி கற்பதை ஊழியத்தின் திறமைகளில் ஒன்றாக நான் எண்ணவில்லை. அது அந்த வேலையை நியாயமாக்குகிற நிபந்தனை. மதம் பரப்புவதை எதிர்க்கிறவர்கள் இந்த நிபந்தனையை எங்களிடம் கேட்டிருக்க வேண்டும். எங்களுக்குள் நாங்களும் கேட்டிருக்க வேண்டும்.

மொழி வந்த பிறகு எண்ணிக்கை குறையும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நோட்டில் ‘சம்மதம்’ என்று எழுதியவை ஒவ்வொன்றாக அடிபடும். வாரக் கணக்குக் கொடுக்கும்போது மற்றவர்களைவிடப் பின்தங்கியவனாகத் தெரிவீர்கள். நான் அப்படித்தான் தெரிந்தேன், அதைப் பற்றி இன்றும் வருத்தமில்லை. ஊர் திரும்பிய பிறகும் ஒரு கணக்கு காத்திருக்கும்: கூடப் படித்தவன் சென்னையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் சம்பளம் வாங்கிவிட்டான், நீ என்ன கொண்டு வந்தாய் என்று விசேஷ வீடுகளில் கேட்பார்கள். பெரியப்பா, சித்தப்பா முறை உள்ளவர்கள் கேட்பதற்கு எதிர்த்துப் பேச முடியாது. ஒரு மொழி கொண்டு வந்திருக்கிறேன், அந்த மொழியில் எனக்கு ‘வேண்டாம்’ சொன்ன வீடுகளில் இன்றைக்கும் எனக்கு இடம் உண்டு என்பது என் பதில். சம்மதம் சொன்னதாக நான் நினைத்த வீடுகளில் ஒன்றோடும் எனக்கு இப்போது தொடர்பு இல்லை.

கிளம்புகிறவர்களுக்குச் செய்முறையாக ஒன்று. விமானம் ஏறுவதற்கு முன் கோடு போட்ட ஒரு நோட்டு வாங்குங்கள். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் போகிற ஊரின் மொழி. ஆங்கிலத்துக்குப் பத்தி வேண்டாம். முதல் பக்கத்தில் கடவுள், விசுவாசம், இரட்சிப்பு எதையும் எழுதாதீர்கள், அவை பாடப் புத்தகத்தில் தாமே வந்துவிடும். நம் பள்ளத்தாக்கில் ஒருவரை மனம் நோகாமல் திருப்பி அனுப்ப என்னென்ன சொல்கிறோம் என்று உங்கள் அம்மாவைக் கேட்டு எழுதுங்கள். பார்க்கலாம். சொல்லி அனுப்புறோம். அவர் வரட்டும், கேட்டுக்கிட்டுச் சொல்றேன். இப்பத்தான் ஒரு விசேஷம் முடிஞ்சது. நல்ல நாள் பார்த்துச் செய்யலாம். அடுத்த வாரம் வாங்களேன். ஒரு பக்கம் நிறைந்துவிடும். போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில், பக்கத்து வீட்டு அக்கா ஒருவரிடமோ கடைக்கார அண்ணன் ஒருவரிடமோ அந்தப் பக்கத்தைக் காட்டி, உங்கள் ஊரில் இதையெல்லாம் எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டு வலப்பக்கத்தை நிரப்புங்கள். அதற்குப் பிறகு கதவைத் தட்டப் போங்கள்.